விலை தெரியாதவரிடம் பழைய டிரம் வாங்குவது எப்படி

லட்விக், க்ரெட்ச், ஸ்லிங்கர்லேண்ட், ரோஜர்ஸ் என்று அமெரிக்க நிறுவனங்கள் செய்த பழைய டிரம்கள் இன்னும் அந்த ஊர்ப் பரண்களிலும் கார் கொட்டகைகளிலும் கிடக்கின்றன. வாசித்தவர் காலமான பிறகு, வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகள் சாமான்களை வாசலில் பரப்பி, டிரம் செட்டுக்கு 150 டாலர் என்று சீட்டு ஒட்டுவார்கள். சந்தையில் அது 3,000 டாலர் போகக்கூடும். விஷயம் தெரிந்த நீங்கள் அந்தச் சீட்டின் முன் நிற்கிறீர்கள். பேசாமல் பணத்தை நீட்டலாமா?

அதற்குப் பதில் தேடும் முன், கையில் இருப்பது என்ன என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு "இது ஐயாயிரம் போகும்" என்று சொல்லிவிட்டால், அந்தக் குடும்பம் விற்காமலே வருஷக்கணக்கில் காத்திருக்கும். வாயை மூடிக்கொண்டு வாங்குவதைப் போலவே இதுவும் அவர்களுக்குச் செய்யும் கெடுதல்தான்.

அதிகம் தடுமாற வைப்பது லட்விக்கின் குரோம் பூசிய ஸ்னேர், அதாவது அடியில் கம்பிச் சரம் கட்டிய சிறிய டிரம். 1960களின் தொடக்கத்தில் வந்தவற்றில் ஷெல் (டிரம்மின் உருளை உடல்) பித்தளை; பிறகு வந்த சூப்ரஃபோனிக் மாடலில் பெரும்பாலும் அலுமினியம். வெளியே இரண்டும் ஒன்றுபோல் பளபளக்கும், விலையோ பல மடங்கு வித்தியாசப்படும். காந்தம் இரண்டிலும் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனை பயன்படாது. தூக்கிப் பாருங்கள், பித்தளை நன்றாகக் கனக்கும். குரோம் கொப்புளித்து, புள்ளி புள்ளியாக உதிர்ந்திருந்தால் அநேகமாக அலுமினியம். சந்தேகம் தீர ஒரு வழி உண்டு: விற்பவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு லக்கின் (தோலை இறுக்கும் கம்பியைப் பிடிக்க ஷெல்லில் பொருத்திய கட்டை) திருகைக் கழற்றி, துளையின் விளிம்பில் டார்ச் அடியுங்கள். வெட்டுவாய் மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

மர டிரம் என்றால் உள்பக்கம்தான் பேசும். லட்விக்கில் 1960களில் ஷெல்லுக்குள் சிவப்பு மையில் தேதி குத்தியிருப்பது உண்டு. பேட்ஜில் (வெளியே பதித்த நிறுவனப் பெயர்த் தகடு) உள்ள எண்ணைவிட அதையே நம்புங்கள், ஏனென்றால் தொழிற்சாலையில் பேட்ஜுகளை எண் வரிசைப்படி பொருத்தவில்லை. க்ரெட்சில் வட்ட பேட்ஜும் உள்ளே வெள்ளிநிறப் பூச்சும் இருந்தால் பெரும்பாலும் 1970களின் தொடக்கத்துக்கு முந்தையது. ஸ்லிங்கர்லேண்ட் ரேடியோ கிங் ஸ்னேரில் ஷெல்லின் விளிம்பைப் பாருங்கள். அடுக்குகள் தெரியாமல், ஒரே மேப்பிள் பலகையை வளைத்து ஓரிடத்தில் மட்டும் இணைத்திருந்தால் மதிப்பு கூடும்.

பிறகு மதிப்பைக் குறைப்பவை: பின்னால் போட்ட கூடுதல் துளைகள், மாற்றி ஒட்டிய மேலுறை, புதிதாகச் சீவிய விளிம்பு, ஷெல்லில் பிரிந்துபோன இணைப்பு. ஒரு துளை கூடுதலாக இருந்தாலே சேகரிப்பாளர்கள் விலையைக் கணிசமாகக் குறைத்துக் கேட்பார்கள். இவற்றை விற்பவரிடம் காட்டுவதில் தவறில்லை, உண்மையாக இருந்தால் போதும். இல்லாத குறையைச் சொல்வதும், "இது பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கிற சாதா மாடல்" என்று தட்டிவிடுவதும் ஏமாற்று.

சட்டம் இந்த இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. 1815இல் நியூ ஆர்லியன்சில் ஒரு வியாபாரி, போர் முடிந்து சமாதான உடன்படிக்கை ஆகிவிட்ட செய்தியை முந்தித் தெரிந்துகொண்டு, அது தெரியாதவரிடம் புகையிலை வாங்கினார். செய்தி பரவியதும் விலை 30 முதல் 50 சதவீதம் ஏறியது. லெய்ட்லா எதிர் ஆர்கன் என்ற அந்த வழக்கில் 1817இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வாங்குபவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியே தீர வேண்டும் என்றில்லை என்றது. ஆனால் மற்றவரை ஏமாற்றும்படி எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. 2000இல் அரிசோனா மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த நெல்சன் எஸ்டேட் (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து) வழக்கும் இதே வகை. 60 டாலருக்கு விற்ற இரண்டு ஓவியங்கள் பிறகு ஏலத்தில் 10 லட்சம் டாலருக்கு மேல் போயின. தகுந்த மதிப்பீட்டாளரை அமர்த்தாமல் விற்றது விற்றவர் பொறுப்பு என்று தீர்ப்பானது.

ஆக, பெரும்பாலும் வழக்கு உங்கள்மேல் நிற்காது. அது அடித்தளம் மட்டுமே. யார் விற்கிறார், விலையை எப்படி வைத்தார் என்பதைப் பொறுத்துத்தான் நியாயம் மாறும்.

அடகுக் கடை, பழைய பொருள் கடை, ஏல நிறுவனம் ஆகியோருக்கு விலை வைப்பதே தொழில். தேடிப் பார்க்க நேரமும் ஆளும் அவர்களிடம் உண்டு. ஒட்டிய விலையைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். இணைய விளம்பரத்தில் தயாரிப்பு, மாடல், அளவு எல்லாம் சரியாக எழுதியிருந்தாலும் அப்படியே: அவ்வளவு தெரிந்தவருக்கு விலையைத் தேடவும் தெரியும், அவசரத்துக்காகக் குறைத்திருப்பார். "அப்பாவின் பழைய டிரம்" என்று மட்டும் எழுதியவர் வேறு. கணவரை இழந்த பாட்டி, கடனில் சிக்கிய இளைஞர், வீட்டைக் காலி செய்ய இரண்டு நாளே உள்ள பிள்ளைகள் ஆகியோரிடம் மதிப்பைச் சொல்லிவிட்டுத்தான் பேரம். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எவராக இருந்தாலும், "இது எவ்வளவு போகும்?" என்று உங்களிடம் கேட்டுவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. உங்கள் அறிவை நம்பிக் கேட்கிறார். அதன்பின் "தெரியாது" என்பதும் பொய், "ஒரு நூறு போகும்" என்பதும் பொய். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இது 1960களின் லட்விக். இந்த நிலையில் உள்ளவை 3,000 டாலர் வாக்கில் விற்கின்றன. நானும் வாங்க விரும்புகிறேன், அதனால் என் பேச்சை மட்டும் நம்பாமல் நீங்களே பாருங்கள்." சொன்ன கையோடு செல்போனில் ஈபே என்ற இணையச் சந்தையில் விற்று முடிந்தவற்றின் விலையைக் காட்டுங்கள். கேட்கும் விலையைக் காட்டாதீர்கள். ஆசைக்கு எழுதிய விலைகள் அங்கே மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

நியாயமான தொகைக்குக் கணக்கு இருக்கிறது. 3,000 டாலர் செட்டுக்குப் புதுத் தோல்களும் விடுபட்ட பாகங்களும் 250, விற்பனைக் கட்டணமும் பொதி கட்டி அனுப்பும் செலவும் 400 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 2,350. துடைத்து, படம் எடுத்து, ஆள் வரும்வரை காத்திருப்பது உங்கள் உழைப்பு. கடைக்காரர்கள் பொதுவாக விற்பனை விலையில் பாதி முதல் 60 சதவீதம் வரை கொடுத்து வாங்குவார்கள். மறுவிற்பனைக்கு என்றால் 1,500 முதல் 1,800 வரை கொடுப்பது முறை. நீங்களே வாசிக்க வாங்கினால் விற்பனைச் செலவு கிடையாது, 2,000க்கு மேலேயே கொடுக்கலாம். அவ்வளவு பணம் இல்லையென்றால், அவர் சார்பில் விற்றுத் தந்து 20 சதவீதம் கழிவு எடுத்துக்கொள்ளுங்கள். கழிவு எவ்வளவு, எத்தனை மாதத்துக்குள், செலவு யார் தலையில் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மதிப்பைக் கேட்ட பிறகும் அவர் "பரவாயில்லை, 150க்கே கொண்டுபோங்கள், வாசிக்கிறவர் கைக்குப் போனால் போதும்" என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அப்படிக் கொடுத்ததை அடுத்த வாரமே 3,000க்கு விளம்பரம் செய்யாதீர்கள்.

செட்டிலிருந்து ஸ்னேரை மட்டும் உருவிக்கொண்டு போவது ஓசையில்லாமல் நடக்கும் அநியாயம். ஒரே காலத்தில், ஒரே நிறத்தில் சேர்ந்து வந்தவை சேர்ந்திருந்தால்தான் முழு விலை. மீதியை வைத்திருப்பவருக்கு அது தெரியாது. ஸ்னேர் மட்டும்தான் வேண்டும் என்றால், மீதிக்கு விலை விழும் என்பதைச் சொல்லி, அந்த இழப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

பேரம் படியாவிட்டாலும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 1920களின் கறுப்பு நிக்கல் பூசிய, பூவேலை செதுக்கிய பித்தளை ஸ்னேர்களை, கறை என்று நினைத்து உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். கறுப்புப் பூச்சு போய்ப் பித்தளை வெளியே வந்துவிடும், மதிப்பின் பெரும்பகுதியும் அதோடு போகும். எதையும் தேய்க்க வேண்டாம், பழைய தோல், பெட்டி, ரசீது எதையும் எறிய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வாங்கி வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது என்றால்? அலுமினியம் என்று நினைத்தது வீட்டில் திருகைக் கழற்றும்போது பித்தளையாக இருக்கலாம். வாங்கும்போது உங்களுக்கும் தெரியாததால் அதில் வஞ்சகம் இல்லை. இருந்தாலும், விற்றவர் மேலே சொன்ன பாட்டியைப் போன்றவர் என்றால் ஒரு வாரத்துக்குள் போன் செய்து, வித்தியாசத்தில் பாதியை அனுப்புங்கள். இதற்காகவே வாங்கும்போது தேதி, தொகை, பேட்ஜ் எண், விற்பவரின் போன் எண் எல்லாம் எழுதிய ரசீது ஒன்றை வாங்கி வைத்திருப்பது நல்லது. களவுபோன பொருள் என்று பின்னால் யாராவது வந்து நின்றாலும் அதே ரசீதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.