எஃப்ஐவி உள்ள வயசான பூனையைத் தத்தெடுத்தால்

ரிப்போர்ட்டில் எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) என்று வந்ததும் பயந்துவிடாதீர்கள், இந்த வைரஸ் மனிதர்களுக்கோ நாய்க்கோ தொற்றாது, பூனைக்குப் பூனை பெரும்பாலும் ஆழமான கடிக்காயம் வழியாகத்தான் பரவுகிறது. அதனால் சண்டை குறைய முதலில் கருத்தடை ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். ஏற்கனவே வேறு பூனை இருந்தால் தனி அறையில் வைத்து மெதுவாகப் பழக்குங்கள். சண்டை போடாத பூனைகள் சேர்ந்தே வாழலாம்.

எதிர்ப்புச் சக்தி குறைந்த பூனை என்பதால் பச்சை மீன், பச்சைக் கறி, காய்ச்சாத பால் வேண்டவே வேண்டாம்.

அதிகம் கவனிக்க வேண்டியது வாயைத்தான். ஈறு சிவந்து வீங்குவது இந்தப் பூனைகளுக்கு அடிக்கடி வரும். ஆசையாகக் கிண்ணத்துக்கு வந்து முகர்ந்துவிட்டு விலகுகிறது, எச்சில் வடிகிறது, வாய் நாறுகிறது என்றால் பசியில்லை என்று நினைக்காதீர்கள், அதற்கு வலிக்கிறது. டாக்டரிடம் காட்டும்வரை மெத்தென்ற ஈர உணவை லேசாகச் சூடாக்கி வையுங்கள். வலிக்கு என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதனை, மாதாமாதம் வீட்டில் எடை. வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.