பழைய டி அண்ட் டி-யை மறுபடி ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேஜையில் பகடை உருட்டிக் கேரக்டர்களாக நடித்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் (டி அண்ட் டி) 1981 பதிப்பைத் தேடிப் பிடித்து ஆட உட்காரும் பல குழுக்கள் இரண்டு மூன்று அமர்வுகளில் மூட்டை கட்டிவிடுகின்றன. கேரக்டர்கள் பொசுக்கென்று சாகிறார்கள், லெவல் ஏறவே மாட்டேன் என்கிறது, இதையா இத்தனை வருடம் சிலாகித்தோம் என்ற புலம்பல் வரும். பழைய ஆட்டம் என்றதும் நினைவுக்கு வருவது திடீர்ச் சாவும் பொறிகளும்தான். அவற்றுக்குக் கடிவாளம் போட்ட சின்னச் சின்ன விதிகள் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை, அதனால் மேஜையிலும் விட்டுப்போகின்றன.

எந்த 'பேசிக்'?

பேசிக் என்ற பெயரில் மூன்று ஆரம்பநிலை விதித் தொகுப்புகள் வந்தன. 1977-ல் எரிக் ஹோம்ஸ், 1981-ல் டாம் மோல்ட்வே, 1983-ல் ஃபிராங்க் மென்ட்சர் தொகுத்தவை. "சிவப்புப் பெட்டி" என்று ஆட்கள் சொல்வது 1983-ஐ. ஆனால் 1981 பெட்டியும் கருஞ்சிவப்பு வகைதான் என்பதால், பழைய பொருள் விற்பவர்கள் சகஜமாக மாற்றிச் சொல்வார்கள். அட்டைப் படத்தைப் பாருங்கள்: தண்ணீரிலிருந்து எழும் பச்சை டிராகன் என்றால் 1981, சிவப்பு டிராகனோடு மோதும் வீரன் என்றால் 1983. 1981 பெட்டியில் 64 பக்க விதிநூல், பி2 மாட்யூல் (ஆடத் தயாராக எழுதிய சாகசம்), பகடைகள், பகடை எண்களில் தேய்த்து நிரப்ப ஒரு கிரேயான் ஆகியவை இருந்தன. ஆட மட்டும்தான் வேண்டுமென்றால் பெட்டிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. 2019-ல் வந்த ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் இதே விதிகளைத் தெளிவாக அடுக்கித் தருகிறது.

தங்கத்துக்கு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) தராமல் விடுவது

இதுதான் பெரிய தவறு. தங்கம் எடுத்தால் அனுபவம் எப்படி வரும் என்று கேட்டு, இந்த விதியைத் தூக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபைட்டர் (சண்டை வீரன்) இரண்டாம் லெவலுக்குப் போக 2,000 எக்ஸ்பி வேண்டும். ஆர்க் என்ற அரக்கன் ஒன்றைக் கொன்றால் 10 எக்ஸ்பி, அதையும் குழு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நான்கு ஃபைட்டர்கள் சண்டையை மட்டும் நம்பினால் 800 ஆர்க்குகளைக் கொல்ல வேண்டியிருக்கும். பத்திரமாக வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் 1 எக்ஸ்பி என்றால் அதே லெவல் 8,000 காசில் கிடைத்துவிடும்.

அடுத்து வருவது சுமை. 10 காசு ஒரு பவுண்டு. ஒருவர் தூக்கக்கூடியது அதிகபட்சம் 1,600 காசு எடை. ஆயுதம், கவசத்தைக் கழற்றிப் போட்டாலும் நால்வர் சேர்ந்து 6,400-க்கு மேல் தூக்க முடியாது. அதனால் கழுதை வேண்டும், ஆள் வேண்டும், அல்லது இரண்டாம் நடை போக வேண்டும். இப்படித்தான் சண்டையைத் தவிர்த்துத் திருடிக்கொண்டு ஓடுவது புத்திசாலித்தனமாகிறது. சுமை விதி விருப்பத்துக்குரியது என்று நூலிலேயே உண்டு, இருந்தாலும் அதை எடுத்துக்கொள்வதே நல்லது.

எதிரில் வந்ததெல்லாம் பாயும் என்று வைத்துக்கொள்வது

எதிரி என்ன செய்யும் என்பது தானாகவே தெரியாத இடங்களில் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். 2 வந்தால் உடனடித் தாக்குதல், 3 முதல் 5 வரை பகைமை, 6 முதல் 8 வரை குழப்பம், 9 முதல் 11 வரை தாக்காது, 12 என்றால் நட்பு. பகை அல்லது அதைவிட மோசமான நிலை வர 36-ல் 10 வாய்ப்புதான். இந்த உருட்டலை விட்டுவிட்டால் நான்கில் ஒன்றுக்குக் கொஞ்சம் அதிகமாக நடக்க வேண்டியது எப்போதும் நடக்கிறது. முதல் லெவல் மேஜிக்-யூசருக்கு (மந்திரவாதி) நாலுமுகப் பகடை ஒன்று காட்டும் எண்தான் உயிர், பூஜ்யத்தில் சாவு. அந்தக் கேரக்டர் ஒரே மாலையில் மூன்று முறை செத்தால் விதிநூலைக் குறை சொல்ல முடியாது.

மொரேலும் (எதிரிகளின் மனத்திடம்) அப்படித்தான். ஒரு தரப்பில் முதல் ஆள் விழுந்தபோதும், பாதிப் பேர் விழுந்தபோதும் டிஎம் இரண்டு பகடை உருட்டுவார். மொரேல் எண்ணைத் தாண்டினால் அவர்கள் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். காப்ளின்களின் எண் 7. முதல் சாவிலேயே கூட்டம் கலைய 36-ல் 15 வாய்ப்பு. கடைசி ஆள் வரை வெட்டிக்கொள்ளும் நீண்ட சண்டைகள் இந்தப் பதிப்பின் பழக்கமே இல்லை.

நேரத்தை எழுதிவைக்காதது

நிலவறையில் ஒரு டர்ன் பத்து நிமிடம். தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும், விளக்கு 24 டர்ன். இரண்டு டர்னுக்கு ஒரு முறை டி6 (ஆறுமுகப் பகடை) உருட்டினால், 1 வந்தால் அலையும் அரக்கர்கள் வருவார்கள். அதாவது ஒரு பந்தம் எரிந்து முடிவதற்குள் மூன்று உருட்டல், ஒரு தடவையாவது யாராவது வந்துவிட ஏறக்குறைய 42 சதவீதம். அவர்களிடம் பெரும்பாலும் தங்கம் இருக்காது, ஆபத்து மட்டும்தான். ஒரே அறையைச் சுரண்டிக்கொண்டே நிற்பதற்கு இதுதான் தண்டனை. ஒரு தாளில் கட்டம் போட்டு, டர்னுக்கு ஒரு கோடு இழுங்கள்; ஆறாவது டர்ன் ஓய்வு, அதையும் குறியுங்கள். இது போதும், தனி மென்பொருள் எல்லாம் அவசியமில்லை.

பொறிகளும் தீஃபும்

முதல் லெவல் தீஃபுக்குப் (திருடன் வகைக் கேரக்டர்) பொறியைக் கண்டுபிடிக்க 10 சதவீதம். இதைப் பார்த்து "உதவாத கேரக்டர்" என்கிறார்கள். எல்லாத் தேடலையும் அந்த ஒரு உருட்டலில் தள்ளுவதால் வருகிற எரிச்சல் இது. பத்தடிக் கம்பால் தட்டுவது, தரையில் தண்ணீர் ஊற்றி எங்கே வடிகிறது என்று பார்ப்பது போன்றவற்றை ஆடுபவர் வாயால் சொன்னால் பகடை இல்லாமலே பதில் கொடுங்கள். மிதித்தாலும் பொறி இயங்க 6-ல் 2 வாய்ப்புதான், இதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நான்கு பேர் மட்டும் போவது

பி2 ஆறு முதல் ஒன்பது கேரக்டர்களுக்கு எழுதப்பட்டது. ஆள் குறைவாக இருந்தால் கூலிக்குத் துணையாட்களைச் சேருங்கள். சராசரி கரிஸ்மா (ஆளை ஈர்க்கும் திறன், 9 முதல் 12) உள்ளவருக்கு நான்கு பேர் வரை அனுமதி. உங்கள் கேரக்டர் செத்தால் உடனே கையில் எடுக்க ஓர் ஆளும் கிடைக்கும்.

அட்வான்ஸ்டு விதிகளைக் கலப்பது

அட்வான்ஸ்டு டி அண்ட் டி தனி வரிசை. மாட்யூல்களை இங்கிருந்து அங்கே எடுத்து ஆடலாம், எண்களை அப்படியே எடுக்கக் கூடாது. கவசமில்லாதவரின் ஏசி (தற்காப்பு எண், குறையக் குறைய நல்லது) இங்கே 9, அங்கே 10. தோல் கவசம் இங்கே 7, அங்கே 8. ஆனால் பிளேட் இரண்டிலும் 3. செயினும் இரண்டிலும் 5. அங்கே ஒரு ரவுண்டு ஒரு நிமிடம், இங்கே பத்து வினாடி. மந்திரங்களின் நீளத்தை ரவுண்டு கணக்கில் இறக்கினால் ஆறு மடங்கு பிசகும். ஏசி கீழே இறங்குவது தலையைச் சுற்றினால், 19-லிருந்து கழித்துவிடுங்கள். ஏசி 5 என்றால், முதல் லெவல் கேரக்டர் அடிக்க இருபதுமுகப் பகடையில் 14 வேண்டும்.