சிப்பில் ஒயர் நீளத்தைக் குறைப்பது எப்படி? கட்டம் போட்ட நோட்டில் ஒரு பயிற்சி

சிப்புக்குள் எந்த செல் (சிறு மின்சுற்றுத் துண்டு) எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலைக்குப் பிளேஸ்மென்ட் என்று பெயர். ஒயர் நீண்டால் மின்தடையும் ஏறும், மின்தேக்குதிறனும் ஏறும். நடுவே பஃபர் (சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் சிறு சுற்று) இல்லாத ஒயர் இரட்டிப்பு நீளமானால் அதன் தாமதம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மென்பொருளைத் தொடும் முன் இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்போதுதான் மனதில் நிற்கும்.

படி 1: வல்லின எழுத்து ஆறையும் செல்களாக வையுங்கள். மேல் வரிசையில் க, ச, ட. அதற்கு நேர்கீழே த, ப, ற. இணைப்புகள், அதாவது நெட்டுகள், நான்கு: க–ற, ச–த–ப, க–ட, த–ப.

படி 2: ஒவ்வொரு நெட்டிலும் உள்ள செல்களின் நடுப்புள்ளிகளை உள்ளடக்கும் மிகச் சிறிய செவ்வகம் வரையுங்கள்; அடுத்தடுத்த செல்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 1 அலகு. அதன் அகலத்தையும் உயரத்தையும் கூட்டினால் வருவதுதான் அரைச் சுற்றளவு. க–ற: 2+1=3. ச–த–ப: 1+1=2. க–ட: 2. த–ப: 1. மொத்தம் 8.

இரண்டு, மூன்று முனை நெட்டுகளுக்கு இது குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒயரின் குறைந்தபட்ச நீளமேதான். நான்கு முனை வந்தால் கவனம் தேவை. பக்கம் 1 அலகு உள்ள ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் இணைக்க 3 அலகு ஒயர் வேண்டும். அரைச் சுற்றளவோ 2 என்றுதான் காட்டும். ஆனாலும் கணக்கு வேகமாக முடிவதால் பெரிய கருவிகளும் இதையே நம்பியிருக்கின்றன.

படி 3: க-வையும் ச-வையும் இடம் மாற்றுங்கள். மொத்தம் 6 ஆகும். இப்போது க எங்கே போக விரும்புகிறது என்று பாருங்கள்: அதன் கூட்டாளிகளான ட, ற இரண்டும் மூன்றாம் நெடுவரிசையில் இருக்கின்றன. க-வையும் ட-வையும் மாற்றினால் 5. ஒவ்வொரு நெட்டுக்கும் தேவையான குறைந்தபட்ச நீளங்களைக் கூட்டினாலும் 5தான், இதற்குக் கீழே போகவே முடியாது. இந்த மாற்றத்தில் க–ற, க–ட இரண்டை மட்டும் திரும்பக் கணக்கிட்டால் போதும். நிரல் எழுதும்போது இதை மறக்காதீர்கள். லட்சக்கணக்கான செல்கள் வந்தால் ஓட்டத்தின் வேகமே இதில்தான் இருக்கிறது.

படி 4: பெரிய சிப்பில், எதை மாற்றினாலும் நீளம் கூடுகிற ஒரு நிலையில் போய் மாட்டிக்கொள்வோம், அதைவிட நல்ல அமைப்பு வேறெங்கோ இருந்தாலும். 1983-இல் கிர்க்பாட்ரிக், கெலாட், வெக்கி மூவரும் இதற்கொரு வழி சொன்னார்கள்: உலோகத்தைக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவதுபோல, ஆரம்பத்தில் கெட்ட மாற்றங்களையும் அவ்வப்போது ஏற்றுக்கொள்வது. இங்கே சூடு என்பது கெட்ட மாற்றத்தை ஏற்கும் வாய்ப்பைக் கட்டுப்படுத்தும் ஓர் எண். நீளம் 2 கூடும் மாற்றத்தை, சூடு 2 ஆக இருக்கும்போது சுமார் 37 விழுக்காடு வாய்ப்பில் ஏற்கலாம். சூடு 0.5 ஆனால் அந்த வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கும் கீழே.

சூட்டை 5-இல் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் 0.95-ஆல் பெருக்கிக்கொண்டே வாருங்கள். 0.1-க்குக் கீழே போனதும் நிறுத்திவிட்டு, அதுவரை கண்டதில் மிகக் குறைந்த நீளம் தந்த அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.