‘பாஸ்’ படுத்தும் பாடு: ஆங்கிலத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

கல்லூரி முடித்த பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்து வருகிறது: ‘கங்கிராட்ஸ் ஆன் யுவர் பாஸிங்!’ அனுப்பியவர் மனதில் இருப்பது ‘தேறியதற்கு வாழ்த்துகள்’. லண்டனிலோ சிகாகோவிலோ வளர்ந்த ஒருவர் படித்தால் திடுக்கிடுவார். அவருக்கு அது ‘நீங்கள் காலமானதற்கு வாழ்த்துகள்’. ‘ஹிஸ் பாஸிங்’, ‘ஹெர் பாஸிங்’ என்று ஆளைச் சுட்டி, பின்னால் எதுவும் சேராமல் ‘பாஸிங்’ நின்றால் அது இரங்கல் செய்திக்கு உரிய சொல். திருத்துவது சுலபம். ‘யுவர்’ஐத் தூக்கிவிட்டு, எதில் தேறினார் என்பதைச் சேருங்கள்: ‘கங்கிராட்ஸ் ஆன் பாஸிங் தி எக்ஸாம்’.

இதில் ஆங்கிலத்தைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. தமிழில் ‘தவறு’ என்ற வினை இதே விளையாட்டைத் தலைகீழாக ஆடுகிறது. ‘பையன் கணக்குல தவறிட்டான்’ என்றால் ஃபெயில். ‘தாத்தா தவறிட்டார்’ என்றால் சாவு. அங்கே தேறினாலும் பாஸ், செத்தாலும் பாஸ்; இங்கே தேறாவிட்டாலும் தவறு, செத்தாலும் தவறு. பேச்சு யாரைப் பற்றியது என்று தெரிவதால் தமிழில் நாம் குழம்புவதில்லை. ஆங்கிலத்தில்தான் பள்ளிக்கூடத்தில் ‘பாஸ் என்றால் தேர்ச்சி’ என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் அதையே கொண்டுபோகிறோம்.

சொல்லின் வேர், ‘எட்டு’, ‘அடி’ என்று பொருள்படும் ‘பாஸுஸ்’ என்ற லத்தீன் சொல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அடிப்படைப் பொருள் கடப்பது. தேர்வைக் கடக்கலாம், ஊரைக் கடக்கலாம், உலகத்தையே கடந்துபோகலாம். பாஸ்போர்ட்டைக் ‘கடவுச்சீட்டு’ என்றும் பாஸ்வேர்டைக் ‘கடவுச்சொல்’ என்றும் ஆக்கியவர்கள் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். இலங்கையில் ரயில்வே கேட்டுகூடப் ‘புகையிரதக் கடவை’தான். ‘தேர்ச்சி’யை இறக்கிவைத்துவிட்டுக் ‘கட’ என்பதை எடுத்துக்கொண்டால் கீழே வருகிற குழப்பங்களில் பாதி தானாகத் தீரும். (தமிழ் எழுத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ‘பாஸ் எங்க?’ என்று கண்டக்டர் கேட்டால் பஸ் பாஸ். ஆபீஸில் யாராவது கேட்டால் மேனேஜர்.)

‘பாஸ்ட் அவுட்’: பயோடேட்டாவில் மயங்கி விழுவது

‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2021.’ இந்தியாவுக்கு வெளியே வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் முதலில் தேடி அழிக்க வேண்டிய வரி இது. படிப்பவருக்கு அதன் பொருள் ‘2021இல் மயக்கம் போட்டு விழுந்தேன்’. குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடப்பதற்கும் இதே சொல்தான். எப்போது முழிப்பு வந்தது என்று நேர்காணலில் கேட்காமல் விடுவது அவர்களுடைய நாகரிகம்.

இந்தப் பயன்பாடு ஆகாயத்திலிருந்து வரவில்லை. பிரிட்டிஷ் ராணுவ வழக்கில் பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்புக்குப் ‘பாஸிங் அவுட் பரேட்’ என்று பெயர். சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது. அங்கே பயிற்சி பெற்றவர் ‘பாஸ்ட் அவுட்’ என்று எழுதினால் முழுக்கச் சரி. பி.இ. முடித்தவர் எழுதினால்தான் வில்லங்கம்.

என்ன எழுதலாம்? பட்டப்படிப்பு என்றால் ‘ஐ கிராஜுவேட்டட் ஃப்ரம்’ என்று தொடங்கிக் கல்லூரிப் பெயர், ஆண்டு. இதில் ‘ஃப்ரம்’ விட்டுப்போகக் கூடாது. டிப்ளமோ என்றால் ‘கம்ப்ளீட்டட்’. பிளஸ் டூவுக்கு அமெரிக்காவில் ‘கிராஜுவேட்’ பொருந்தும். பிரிட்டனில் அது பல்கலைக்கழகத்துக்குத்தான் வழக்கம், பள்ளிக்கு ‘ஃபினிஷ்ட் ஸ்கூல்’ போதும். ‘2021 பாஸ்ட் அவுட் பேட்ச்’ என்பதற்கு ‘கிளாஸ் ஆஃப் 2021’. உள்ளூர் கம்பெனியின் விளம்பரத்திலேயே ‘2024 பாஸ்ட் அவுட்’ என்று போட்டிருந்தால் அங்கே அதையே எழுதுங்கள். அது இந்திய ஆங்கிலம், ஒன்றும் கெட்டுப்போகாது.

உண்மையிலேயே ஆபத்தான தவறு வேறு. வெளிநாட்டில் பக்கத்தில் இருப்பவர் மயங்கி விழுந்து ஆம்புலன்ஸை அழைக்கும்போது சொல்ல வேண்டியது ‘ஹி பாஸ்ட் அவுட்’. பதற்றத்தில் ‘ஹி பாஸ்ட் அவே’ என்று வாய் தவறினால் ஆள் இறந்துவிட்டார் என்று ஆகிவிடும். சந்தேகமாக இருந்தால் இரண்டையும் விட்டு ‘ஹி ஃபெயின்ட்டட்’ என்றோ ‘ஹி இஸ் அன்கான்ஷியஸ்’ என்றோ சொல்வது நல்லது. வகுப்பில் ‘பாஸ் அவுட் தி பேப்பர்ஸ்’ என்று ஆசிரியர் சொன்னால் யாரும் மயங்க வேண்டாம். தாளை எல்லோருக்கும் கொடு என்கிறார்.

மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை. ‘ஐ பாஸ்ட் இன் தி எக்ஸாம்’ என்பதில் ‘இன்’ தேவையில்லை. அதைவிட முக்கியம், பிரிட்டனின் முதுகலைப் படிப்புகளில் ‘பாஸ்’, ‘மெரிட்’, ‘டிஸ்டிங்ஷன்’ என்று தரம் பிரிப்பார்கள். பெரும்பாலும் 50, 60, 70 என்பவை எல்லைகள். அதில் ‘பாஸ்’ கடைசிப் படி. 72 எடுத்துவிட்டு ‘ஐ காட் பாஸ்’ என்று சொன்னால் உங்கள் தலையில் நீங்களே மண்ணைப் போட்டுக்கொள்வதுதான்.

மருத்துவரும் சட்டசபையும்

‘பாஸ் எ மோஷன்’ என்றால் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றுவது. அதே சொற்கள் மருத்துவரிடம் மலம் கழிப்பது. இந்த ‘மோஷன்’ இந்தியாவிலும் பிரிட்டனிலும் புரியும்; அமெரிக்க மருத்துவமனையில் ‘ஐ ஆம் நாட் பாஸிங் மோஷன்’ என்றால் நர்ஸ் விழிப்பார். அங்கே ‘பவல் மூவ்மென்ட்’. லூஸ் மோஷனுக்கு ‘டயரியா’.

சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடி எட்டவில்லை. ‘கேன் யூ பாஸ் வாட்டர்?’ என்று கேட்டால், ‘உங்களுக்குச் சிறுநீர் பிரிகிறதா?’ என்று கேட்டதாக ஆகலாம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘பாஸ் வாட்டர்’ என்பது சிறுநீர் கழிப்பதற்கு நாசூக்கான பழைய வழக்கு. ‘பாஸ் தி வாட்டர், ப்ளீஸ்’ என்றால் ஜாடி கைக்கு வரும். நாம் அலட்சியமாக விடுகிற அந்த ஒரு ‘தி’யில்தான் மானம் நிற்கிறது.

வயிற்று ஆபரேஷனுக்கு அடுத்த நாள் ‘ஹேவ் யூ பாஸ்ட் கேஸ்?’ என்று மருத்துவர் கேட்டால் நெளிய வேண்டாம். காற்றுப் பிரிந்ததா என்கிறார். குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதற்கு அது அடையாளம். பிரிட்டனில் ‘விண்ட்’ என்பார்கள். சிறுநீரகக் கல் தானாக வெளியேறுவதும் ‘பாஸ்’தான்.

செய்தி மொழிபெயர்ப்பவர்களுக்கு: ‘தி பில் வாஸ் பாஸ்ட்’ என்பதைச் ‘சட்டமானது’ என்று எழுதிவிடாதீர்கள். மசோதா நிறைவேறியது, அவ்வளவே. நாடாளுமன்றத்தில் இரு அவைகளையும் தாண்டிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்த பிறகே அது சட்டம். ‘என் மெடிக்கல் பில் பாஸ் ஆயிடுச்சு’ என்ற அலுவலக வழக்கையும் அப்படியே ஆங்கிலமாக்கினால் வெளிநாட்டவருக்கு நாடாளுமன்றம்தான் ஞாபகம் வரும். ‘அப்ரூவ்ட்’ என்று சொன்னால் தீர்ந்தது.

பேச்சு வழக்கில் சிக்கும் இடங்கள்

‘ஆர் யூ டேக்கிங் தி டெஸ்ட்?’ என்று கேட்டதற்கு ‘ஐ வில் பாஸ்’ என்றால் இரண்டு அர்த்தம்: ‘தேறிவிடுவேன்’, ‘எனக்கு வேண்டாம்’. ‘ஐல் பாஸ்’ என்று சுருக்கிச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் பெரும்பாலும் இரண்டாவதுதான். சீட்டாட்டத்தில் முறை வந்தும் விளையாடாமல் விடுவதும், வினாடி வினாவில் பதில் தெரியாமல் அடுத்த கேள்விக்குப் போவதும் இந்தப் பாஸ்தான். விருந்துக்குக் கூப்பிட்டால் ‘ஐல் பாஸ், தேங்க்ஸ்’ என்பது மரியாதையான மறுப்பு. ‘ஹார்ட் பாஸ்’ என்றால் ‘கஷ்டப்பட்டுத் தேறியது’ இல்லை. ‘சான்ஸே இல்லை’ என்று முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது. மேலதிகாரிக்கு எழுதும் மெயிலில் இதைப் போடக் கூடாது.

‘ஹி மேட் எ பாஸ் அட் ஹர்’ என்பதைப் பந்தைத் தள்ளிவிட்டதாகவோ வழிவிட்டதாகவோ எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவளிடம் காமநோக்கோடு நெருங்கப் பார்த்தான் என்பது பொருள். அலுவலகப் புகார்களில் இந்த வரி வந்தால் விஷயம் தீவிரம். மொழிபெயர்ப்பில் நீர்த்துவிடக் கூடாது. நாம் சொல்லும் ‘கமெண்ட் பாஸ் பண்றான்’ என்பதற்கு அங்கே ‘மேக்’ என்பதே இயல்பு.

‘ஹால் பாஸ்’ என்பதை ஹால் டிக்கெட் என்று நினைப்பது இன்னொரு சறுக்கல். அமெரிக்கப் பள்ளிகளில் பாட நேரத்தில் வகுப்பைவிட்டு வெளியே போக ஆசிரியர் தரும் அனுமதிச் சீட்டு அது. அதிலிருந்து ஒரு கொச்சைப் பொருள் கிளைத்தது: கணவனோ மனைவியோ வேறொருவரோடு இருந்துவிட்டு வரத் தன் துணைக்குத் தரும் ‘அனுமதி’. தேர்வுக்கூட வாசலில் நின்றுகொண்டு அமெரிக்க நண்பரிடம் ‘ஹால் பாஸைத் தொலைத்துவிட்டேன்’ என்று புலம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ‘ஹால் டிக்கெட்’ என்றாலும் அவருக்குப் புரியாது; ‘அட்மிஷன் டிக்கெட்’ என்றால் புரியும்.

நம் ‘டைம் பாஸ்’ உலகத்துக்குத் தெரியாது. ரயிலில் கடலை விற்பவர் சொன்னாலும், ‘அவன் அவளோட சும்மா டைம் பாஸ் பண்றான்’ என்று தோழி சொன்னாலும் நமக்குப் புரியும். வெளியே ‘கில்லிங் டைம்’ என்பதே செல்லும். காதல் விஷயத்துக்கு ‘நாட் சீரியஸ்’.

அமெரிக்கச் சாலையில்

இங்கே தவறு செய்தால் அபராதம் கட்ட நேரும். நாமும் பிரிட்டனும் ‘ஓவர்டேக்’ என்பதை அமெரிக்காவில் ‘பாஸ்’ என்கிறார்கள். ‘டு நாட் பாஸ்’ என்ற வெள்ளைப் பலகையைப் பார்த்து ‘இந்த வழியே போகக் கூடாது போல’ என்று வண்டியை நிறுத்துவதும் தப்பு, பொருட்படுத்தாமல் முந்துவதும் தப்பு. முந்தாதே என்பதுதான் அது. ‘நோ பாஸிங் ஸோன்’ என்று மஞ்சளில், வலப்பக்கம் கூர்முனை நீண்ட கொடி வடிவப் பலகை சாலையின் இடப்பக்கம் நிற்கும். சாலை நடுவே உங்கள் பக்கம் இருக்கும் மஞ்சள் கோடு விடாமல் ஓடினால் முந்தக் கூடாது. விட்டுவிட்டு இருந்தால், எதிரே வண்டி இல்லாதபோது முந்தலாம். ‘பாஸ் வித் கேர்’ என்ற பலகை, பார்த்து முந்து என்கிறது. சிவப்பு விளக்கு மின்ன நிற்கும் பள்ளிப் பேருந்தைப் ‘பாஸ்’ செய்யக் கூடாது என்பதில், நடுத்தடுப்பு இல்லாத சாலை என்றால் எதிர்த்திசையில் வருகிற வண்டியும் அடக்கம்.

எழுத்தில்: இறந்தகால வினையா, ‘கடந்த’வா?

‘பாஸ்’ என்ற வினையின் இறந்தகாலம் (passed), ‘கடந்த’ என்று பொருள்படும் ‘பாஸ்ட்’ (past): காதுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்தில் ஒன்று ‘இடி’யில் முடியும், மற்றது ‘எஸ்டி’யில். ‘ஐ ஹேட்’, ‘ஹி ஹேஸ்’ போன்ற துணைவினைகளோடு நின்றாலும் தனியாக நின்றாலும் அந்த இடத்தில் செயல் நடந்தால் ‘இடி’: பஸ் கோயிலைக் கடந்தது. வாக்கியத்தில் வேறு வினை ஏற்கெனவே இருந்தால் ‘எஸ்டி’: பஸ் கோயிலைத் தாண்டிப் போனது, ‘போனது’தான் வினை, ‘பாஸ்ட்’ வெறும் ‘தாண்டி’. ‘ஹாஃப் பாஸ்ட் டென்’ என்பதிலும் ‘எஸ்டி’யே.

பின்னால் ஒட்டும் குட்டிச் சொற்களில் சிலவற்றைச் சொல்லிவிடலாம். ‘பாஸ் அப்’ என்றால் வந்த வாய்ப்பைக் கைவிடுவது. ‘பாஸ்ட் ஓவர்’ என்றால் பதவி உயர்வில் ஓரங்கட்டப்பட்டவர். ‘பாஸ் ஆன்’ என்பது தகவலைச் சொல்லிவிடுவதாகவும் இருக்கும், சாவதாகவும் இருக்கும். ‘போலிங் பாஸ்ட் ஆஃப் பீஸ்ஃபுல்லி’ என்றால் வாக்குப்பதிவு அமைதியாக நடந்துமுடிந்தது. வக்கீல் சொல்லும் ‘பாஸிங் ஆஃப்’ வேறு: இன்னொருவர் பெயரையோ அடையாளத்தையோ வைத்துத் தன் சரக்கை அவருடையதுபோல விற்பது. பதிவு செய்யாத வணிகப் பெயருக்கும் அதன் பேரில் வழக்குப் போட முடியும்; 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம் அந்த உரிமையை விட்டுவைத்திருக்கிறது. அமெரிக்க வரலாறு படிக்கும்போது ‘பாஸிங்’ என்று மொட்டையாக வந்தால், நிறம் வெளுத்த கறுப்பினத்தவர் வெள்ளையராகத் தம்மைக் காட்டிக்கொண்டு வாழ்ந்ததைக் குறிக்கலாம். பைபிள் நடையில் ‘இட் கேம் டு பாஸ்’ என்றால் ‘சம்பவித்தது’. இதில் யாரும் கடக்கவுமில்லை, தேறவுமில்லை.

மலைப்பகுதி என்றால் ‘பாஸ்’ கணவாய். ‘கைபர் பாஸ்’ என்றே தமிழில் எழுதிவிட்டுப் போகிறவர்கள், பாலக்காட்டுக் கணவாய் பக்கத்திலேயே இருப்பதை மறந்துவிடுகிறார்கள். இமயமலைப் பெயர்களில் இன்னும் ஒரு கூத்து. திபெத்திய மொழியில் ‘லா’ என்றாலே கணவாய். நாது லா, கர்துங் லா எல்லாம் அப்படி வந்தவை. ‘நாது லா பாஸ்’ என்று எழுதினால் அது நம் ‘நடு சென்டர்’ கணக்குத்தான்.