அமெரிக்க நகரமன்றத்தில் மானியமும் மின் உரிமமும்: எப்போது போய் என்ன கேட்பது

வாக்கெடுப்பு நடக்கும் இரவில் போய்ப் பேசினால் பெரும்பாலும் பயன் இருக்காது. சமுதாய மேம்பாட்டு மானியத்தின் பங்கீடும், மின்சார, எரிவாயு, கேபிள் நிறுவனங்களுக்கான உரிம ஒப்பந்தமும் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வரைவாகிவிடும். அந்த மாதங்களில்தான் உங்கள் சொல் எடுபடும். குடியுரிமை இல்லையே என்று தயங்க வேண்டாம். விசாவில் இருப்பவரும் பொது விசாரணையில் பேசலாம், கருத்தை எழுதிக் கொடுக்கலாம்.

முதலில் மானியம். சி.டி.பி.ஜி. என்று எல்லோரும் சொல்லும் இந்தத் திட்டம் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. 50,000 மக்கள்தொகையைத் தாண்டிய பெருநகரப் பகுதி நகரங்களுக்குக் கூட்டரசின் வீட்டுவசதித் துறையான ஹட் நேரடியாகப் பணம் தருகிறது. சிறிய ஊர்களுக்கு மாநிலம் அல்லது கவுன்டி வழியாக வரும். விண்ணப்பத்தை யாரிடம் கொடுப்பது என்பதே இதனால் மாறும். அதனால் உங்கள் ஊர் எந்த வகை என்று நகர அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள். திட்ட ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செயல்திட்டம் 45 நாள் முன்னதாக, அதாவது மே நடுவில், ஹட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன் வரைவை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பதால் ஏப்ரல் நடுவிலேயே வரைவு வெளியாகிவிடும். அந்த வரைவில் உங்கள் அமைப்பின் பெயர் இருக்க வேண்டுமானால், குளிர்காலத்திலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 2 பொது விசாரணைகள் உண்டு. இவற்றில் தேவைகளைக் கேட்கும் முதல் விசாரணையைத் தவறவிடாதீர்கள். கருத்தைக் கட்டாயம் எழுத்தில் கொடுங்கள். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும், ஏற்காதவற்றுக்கான காரணத்தையும் நகரம் இறுதித் திட்டத்தோடு இணைத்தாக வேண்டும்.

பணத்தில் 70 சதவீதமாவது குறைந்த, நடுத்தர வருமானத்தினருக்குப் பயன்பட வேண்டும். அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் இருப்பவர்கள் இதில் வருவார்கள். சேவைத் திட்டங்களுக்கு 15 சதவீதமும், நிர்வாகத்துக்கும் திட்டமிடலுக்கும் 20 சதவீதமும் உச்சவரம்பு. உணவு வழங்கல், பாடம் சொல்லிக்கொடுத்தல், முதியோருக்கான வண்டி எல்லாமே அந்தச் சின்ன 15 சதவீதத்துக்குள் முட்டிமோதும். உங்கள் உண்மையான தேவை சமுதாயக் கூடத்தின் சமையலறையோ சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமோ என்றால், அதைக் கட்டுமானமாகவே கேளுங்கள். அந்தப் பங்கு பெரியது.

வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குக் கிடைக்குமா? பயனாளிகளில் 51 சதவீதம் பேர் அந்த வருமான வரம்புக்குள் வருகிறார்கள் என்று படிவத்தோடு காட்ட முடிந்தால்தான் பேச்சே. முதியோருக்கென்றே நடத்தும் திட்டத்துக்கு அந்தச் சிக்கல் குறைவு. முதியோர் அந்த வரம்புக்குள் இருப்பவர்கள் என்றே விதி கருதிக்கொள்கிறது. கோயில் நடத்தும் உணவு வழங்கலுக்கும் கேட்கலாம். வழிபாட்டுக்கு ஒரு டாலர்கூடப் போகக் கூடாது.

கிடைத்த மானியம் கைநழுவுவது பெரும்பாலும் இப்படித்தான்: சுற்றுச்சூழல் பரிசீலனை முடிவதற்குள் ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சொந்தப் பணத்தில் போட்டாலும் தவறுதான், அந்த வேலைக்கான மானியமே போய்விடலாம். பணமும் பொதுவாக முன்கூட்டி வராது. செலவழித்து ரசீது காட்டிய பிறகே வரும் என்பதால் சில மாதச் செலவுக்குக் கையில் இருப்பு வேண்டும். 2,000 டாலருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்குக் கூட்டரசு நிர்ணயித்த கூலியும், வாராந்தரச் சம்பளப் பட்டியலும் தேவைப்படும். மதிப்பீடு வாங்கும்போதே இதை ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி உரிம ஒப்பந்தம். தெருவுக்கு அடியிலும் மேலும் கம்பி, குழாய் போட நிறுவனத்துக்கு நகரம் தரும் அனுமதி இது. இங்கே பலர் செய்யும் தவறு, கூட்டத்தில் பேசக் கிடைக்கும் 3 நிமிடத்தையும் கட்டண உயர்வைத் திட்டியே செலவழிப்பது. பெரும்பாலான மாநிலங்களில் மின் கட்டணத்தை முடிவு செய்வது மாநில ஆணையம். நகரமன்றத்தின் கையில் இருப்பது தெரு.

ஆகவே தெருவைப் பற்றிக் கேளுங்கள். சாலையை அகலப்படுத்தும்போது குழாயை நகர்த்தும் செலவு யாருடையது? தோண்டிய தார்ச்சாலையை எவ்வளவு அகலத்துக்கு, எத்தனை நாளில் மூட வேண்டும்? மூடிய இடம் பின்னால் உள்வாங்கினால் யார் பொறுப்பு? நிறுவனம் நகரத்துக்குச் செலுத்தும் உரிமக் கட்டணத்தின் கணக்கைத் தணிக்கை செய்ய நகரத்துக்கு எத்தனை ஆண்டு பின்னோக்கி உரிமை உண்டு? நகரத்தோடு புதிதாக இணைந்த பகுதிகளின் முகவரிகள் நிறுவனத்தின் பட்டியலில் ஏறாமல் கட்டணம் விடுபடலாம், ஆகவே தணிக்கைப் பிரிவு அவசியம்.

உரிமக் கட்டணத்தை உயர்த்தச் சொல்வதற்கு முன் யோசியுங்கள். பல ஊர்களில் அது தனி வரியாக உங்கள் பில்லிலேயே வந்து சேரும். கேபிளுக்குக் கூட்டரசுச் சட்டப்படி உச்சம், கேபிள் சேவையின் மொத்த வருவாயில் 5 சதவீதம்.

கால அளவில் மிகவும் கவனம் தேவை. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரம் 1970-இல் தந்த மின், எரிவாயு உரிமம் 50 ஆண்டுக்கானது. 2021-இல் புதுப்பித்தபோது 10, பிறகு இன்னொரு 10 என்று பிரித்தார்கள். நீண்ட ஒப்பந்தம்தான் வேண்டும் என்றால், நடுவில் மறுபரிசீலனைக்கு ஒரு பிரிவையாவது கேளுங்கள்.

கடைசியாக, நிகழ்ச்சி நிரலை வெளியான அன்றே பாருங்கள். கலிபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அது வெளியாக வேண்டும். ஒப்பந்தம் 'கன்சென்ட்' பட்டியலில் இருந்தால், மற்ற பத்தோடு பதினொன்றாக விவாதமின்றி நிறைவேறிவிடும். உங்கள் வட்டார உறுப்பினருக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்பி, நிரலில் ஒப்பந்தத்துக்கு உள்ள எண்ணைக் குறிப்பிட்டு, அதைத் தனியே எடுத்து விவாதிக்கச் சொல்லுங்கள்.