சிங்கப்பூரில் ஒரு பகல்: இடைத்தங்கலில் செய்யக் கூடாத தவறுகள்

போன வாரம் நோர்வூட் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி டிக்கட் பிரின்ட் எடுக்க வந்தான். இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருப்பதால் வெளிநாடு போகிற பிள்ளைகளின் டிக்கட்டெல்லாம் என் கண்ணில் படும். மெல்பர்னுக்குப் போகிறானாம். வழியில் சிங்கப்பூரில் ஒரு பகல் முழுக்கக் கிடைக்கிறது, தனியாகவே சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னான். தாள்கள் வெளியே வந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு தாள், இரண்டு வெவ்வேறு பதிவு எண். “பேக்கு நேரா மெல்பர்னுக்குப் போயிரும்தானே அண்ணே?” என்று கேட்டான். முதல் தடவை போனபோது நானும் அதைத்தான் நம்பினேன்.

பாஸ்போட்டை மறக்காதே, காசைப் பத்திரமாக வை என்பதெல்லாம் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டு டிக்கட்டை ஒரு பயணம் என்று நினைப்பது

கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு நிறுவனம், அங்கிருந்து அடுத்த ஊருக்கு வேறொரு மலிவு நிறுவனம் என்று தனித்தனியாக எடுத்தால் கொஞ்சம் காசு மிச்சமாகும். நானும் அப்படித்தான் எடுத்தேன். இரண்டு நிறுவனத்துக்கும் ஒன்றை ஒன்று தெரியாது, கட்டுநாயக்க விமான நிலையத்தில் கொடுத்த பை சிங்கப்பூரோடு நின்றுவிடும் என்று டிக்கட் எடுத்துக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலை 7 மணிக்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். குடிவரவில் முத்திரை வாங்கி, பைகள் சுற்றிக்கொண்டிருந்த பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே வெளியே நடந்தேன். என் பையும் அதில்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். பகல் முழுக்க லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் ரோட்டில் நிம்மதியாகத் திரிந்தேன். பின்னேரம் செக்-இன் கவுண்டரில் அந்தப் பெண் “பை எங்கே?” என்று கேட்டார். கொழும்பிலேயே கொடுத்துவிட்டேன் என்றேன். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டியிருந்த சின்னத் துண்டைக் காட்டச் சொன்னார். நீளமான ஒரு எண், அதன் பக்கத்தில் எஸ்.ஐ.என். என்று மூன்று எழுத்து. சிங்கப்பூர் என்று அர்த்தம். காலையிலிருந்து அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

யாரும் எடுக்காத பையைப் பெல்ட்டிலிருந்து இறக்கி, முதல் விமானத்துக்கான பை அலுவலகத்தில் வைத்துவிட்டார்கள். அது குடிவரவுக்கு உள்பக்கம், வேறு முனையத்தில். வெளியே வந்த ஆள் நினைத்தபடி உள்ளே போக முடியாது. தொலைபேசியில் கூப்பிட்டு, பாஸ்போட்டைக் காட்டி, ஒருவர் வந்து அழைத்துப் போகும் வரை காத்து நின்று, பையோடு ஓடி வந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். புறப்பட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, விமானமும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் மூடிய கவுண்டரைத் திறக்க மாட்டார்கள். மறுநாள் காலைக்குப் புது டிக்கட் வாங்கினேன். மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு போயிற்று. அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அது. அக்காவுக்காகக் கொண்டு போன 4 கிலோ தேயிலைத் தூளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை வருடமாகியும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு விமானத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி, ஒரே தடவையில் காசு வாங்கிக்கொள்ளும் இணையத்தளங்கள் உண்டு. ‘பயணி தானே மாறிக்கொள்ள வேண்டும்’ என்பது மட்டும் கீழே சின்ன எழுத்தில் கிடக்கும். தோட்டத்திலிருந்து முதல் தடவையாகக் கிளம்புகிற பிள்ளைக்கு அது எப்படிக் கண்ணில் படும்?

ஆகவே, டிக்கட் எடுக்கும்போதே இரண்டு விமானத்துக்கும் ஒரே பதிவு எண்ணா என்று பாருங்கள். கட்டுநாயக்கவில் பையை நிறுக்கும்போது “கடைசி ஊர் வரைக்கும் போகுமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். தனித்தனி டிக்கட் என்றாலும் சில நிறுவனங்களுக்குள் ஒப்பந்தம் இருக்கும், அனுப்புவார்கள். என்ன சொன்னாலும் பையில் கட்டும் பட்டியில் உள்ள மூன்று எழுத்தை நீங்களே வாசியுங்கள். சிங்கப்பூர் என்றிருந்தால் பெல்ட்டில் நின்று பையை எடுத்து, விமான நிலையத்திலேயே காசு கட்டிப் பை வைக்கும் இடத்தில் ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் போங்கள். முதல் விமானம் பிந்தி, இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். போகிற பயணத்தில் ஏறாவிட்டால் அதே டிக்கட்டில் உள்ள திரும்பும் பயணத்தையும் பல நிறுவனங்கள் ரத்து செய்துவிடும்.

நோர்வூட் தம்பியின் டிக்கட்டை மாற்ற வழியில்லை. பட்டியை வாசிப்பது முதல் பையை ஒப்படைப்பது வரை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

11 மணி நேரம் கையில் இருக்கிறது என்று எண்ணுவது

இறங்கிக் குடிவரவு தாண்ட ஒரு மணி நேரம். ரயிலில் போக ஒன்று, வர ஒன்று. புறப்பட 3 மணி நேரத்துக்கு முன் திரும்பிவிட வேண்டும். மிஞ்சுவது 5 மணி நேரம். இரண்டு இடம் பார்க்கலாம், அதற்குமேல் ஆசைப்படாதீர்கள். இடைத்தங்கல் 6 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் தனியாக ஊருக்குள் போகவே வேண்டாம். முதலாம் முனையத்தோடு ஒட்டியிருக்கும் ஜூவல் கட்டடத்தில் 40 மீற்றர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, அதைப் பார்த்தாலே மனம் நிறையும்.

லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் போகிறவர்கள் அடுத்த நிலையமான எக்ஸ்போவிலேயே இறங்கி டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நேரே போய்விடலாம். டிக்கட் தேடி அலைய வேண்டாம், தொட்டுக் கட்டும் வசதியுள்ள வங்கி அட்டை போதும்.

கடிகாரம்

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இருக்கையில் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தை மாற்றுங்கள்.

வருகை அட்டைக்குக் காசு கட்டுவது

சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். முழுக்க இலவசம். தேடினால் முதலில் வருவது பல நேரம் காசு கேட்கும் தனியார் தளம். கடைக்கு வருகிறவர்களில் சிலர் ஏற்கனவே கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். சிங்கப்பூர் குடிவரவு ஆணையத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் நிரப்புங்கள்.

வெற்றிலைப் பையில் புகையிலை

மெல்லும் புகையிலை அங்கே தடை. ஆத்தாவுக்காக எடுத்துப் போனேன் என்றாலும் சுங்கத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மாரியம்மனைத் தேக்காவில் தேடுவது

நம் தோட்டங்களில் மாரியம்மன் இல்லாத ஊர் ஏது? சிங்கப்பூரில் இறங்கியதும் அவளைக் கும்பிட்டு வர வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் 1827-இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில், சைனாடவுனில் இருக்கிறது. தேக்கா என்று சொல்லப்படும் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டில் இருப்பது வீரமாகாளியம்மன் கோயில். இரண்டிலும் மதியம் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். முதல் தடவை நான் ஒரு மணிக்குப் போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். காலையில் கோயில், மதியம் தேக்கா சந்தையில் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் ரோட்டில் வழி தெரியவில்லை என்றால் தயங்காமல் தமிழிலேயே கேளுங்கள்.

ஸ்வெட்டரோடும் தூக்கமில்லாமலும் இறங்குவது

ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே. சிங்கப்பூர் கடல் மட்டத்தில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். வான் வண்டி பிடித்து, இரவு விமானம் ஏறி, கண்மூடாமல் இறங்கி, அந்தப் புழுக்கத்தில் உச்சி வெயிலில் நடந்தால் நமக்குத் தலை சுற்றும். ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். 12 மணியிலிருந்து 3 மணி வரை கூரைக்குக் கீழே இருங்கள்.

நம் பாஸ்போட்டுக்குச் சொன்னதை மற்றவருக்கும் சொல்வது

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போன குடும்பங்களில் எங்கள் பெரியப்பா வீடும் ஒன்று. கூடலூரில் இருக்கிற அவர் பேரன், பெர்த் போகும் வழியில் சிங்கப்பூரில் ஒரு பகல் இருக்கிறது என்று கூப்பிட்டபோது மேலே சொன்னதையெல்லாம் அப்படியே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இலங்கைப் பாஸ்போட்டுக்கு அங்கே 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தியப் பாஸ்போட்டுக்குப் பொதுவாக வேண்டும், அவுஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் விசா கையில் இருந்தால் மட்டும் இடைத்தங்கலில் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் விடலாம். அவனும் இரண்டு தனி டிக்கட்தான் பார்த்து வைத்திருந்தான். இரண்டில் ஒன்று இல்லாமல் அவன் பெல்ட் வரைக்குமே போக முடியாது. உடனே திருப்பிக் கூப்பிட்டேன். நல்லவேளை, காசு கட்டியிருக்கவில்லை. அன்று இரவே சென்னையிலிருந்து பெர்த் வரை ஒரே பதிவு எண்ணில் டிக்கட் எடுத்து எனக்குப் படம் அனுப்பினான்.