சிஸ்கோ ரவுட்டரில் வெளி லைனை சிப்-இல் ஓட்டுவது எப்படி

ரவுட்டரில் எஃப்எக்ஸ்ஓ கார்டு (வெளி டெலிபோன் லைனைச் செருகும் போர்ட்) போட்டு, டெலிபோன் லைனை ஆபீஸ் ஐபி-பிபிஎக்ஸோடு (நெட்வொர்க்கில் ஓடும் ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச்) சேர்க்க வேண்டுமா? எந்த புரோட்டோகால் என்று ரொம்ப யோசிக்காதீர்கள், சிப் (SIP, நெட்வொர்க்கில் கால் அமைக்கும் புரோட்டோகால்) போதும். அதே வேலைக்கான எச்.323 1996-இல் வந்தது, இன்னும் ஓடுகிறது, ஆனால் மெசேஜ் எல்லாம் பைனரி என்பதால் பிரச்சினை வந்தால் தோண்டித் தோண்டிப் பார்க்க வேண்டும். எம்ஜிசிபி என்ற இன்னொரு புரோட்டோகாலில் முடிவெல்லாம் கால் ஏஜென்ட் என்ற வெளி சர்வர் எடுப்பது. அதோடு தொடர்பு அறுந்தால், ஃபால்பேக் போட்டு வைக்காத ரவுட்டர் ஊமை. சிப் வெறும் எழுத்து, இன்வைட் (காலைத் தொடங்கும் மெசேஜ்) போனதா, திரும்பி வந்தது 404-ஆ (எண் இல்லை) 488-ஆ (கோடெக் போன்றவை ஒத்துவரவில்லை) என்று கண்ணாலேயே படித்துவிடலாம்.

வேலை முழுக்க டயல்-பியரில்தான், அதாவது எந்த எண் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லும் விதியில். லைன் பக்கத்துக்கு பாட்ஸ் வகை, நெட்வொர்க் பக்கத்துக்கு வாய்ப் வகை. வாய்ப் டயல்-பியரில் 'செஷன் புரோட்டோகால் சிப்வி2' என்று எழுத மறந்தால் ரவுட்டர் சத்தமில்லாமல் எச்.323-க்குப் போய் 1720 போர்ட்டைத் தட்டும், நீங்கள் சிப்-இன் போர்ட்டான 5060-இல் பாக்கெட் வரவில்லையே என்று காத்துக்கொண்டிருப்பீர்கள். கோடெக்கும் (குரலை டேட்டாவாக மாற்றும் முறை) அப்படியே: சொல்லாவிட்டால் ஜி.729, எதிர்ப்பக்கம் ஜி.711 மட்டும்தான் பேசும் என்றால் 488 வாங்கிக்கொண்டு கால் விழும். டிடிஎம்எஃப் ரிலேக்கு (அழுத்தும் பட்டனின் டோனைக் குரலோடு கலக்காமல் தனியாக அனுப்புவது) ஆர்டிபி-என்டிஇ போடுங்கள், இல்லையென்றால் பேங்க்கின் தானியங்கி மெனுவில் (ஐவிஆர்) எத்தனை முறை 1 அழுத்தினாலும் ஜி.729 அந்த டோனைச் சிதைத்துவிடும்.

அடுத்து எண் உரிப்பு, பலரும் மாட்டுவது இங்கேதான். பாட்ஸ் டயல்-பியரில் பேட்டர்னில் அப்படியே எழுதிய எண்களை ரவுட்டர் வெட்டிவிட்டு மிச்சத்தைத்தான் லைனுக்கு அனுப்பும். 9டி (9-க்குப் பிறகு எத்தனை எண்ணும் வரலாம் என்பதே டி) என்று போட்டால் அது வசதி, 9 போய்விடும். ஆனால் 112-க்குத் தனி டயல்-பியர் எழுதினால் மூன்று எண்ணும் போய் லைனில் ஒன்றுமே டயல் ஆகாது, 'ஃபார்வர்ட்-டிஜிட்ஸ் ஆல்' கட்டாயம். (சோதிக்கிறேன் என்று 112-ஐக் கூப்பிடாதீர்கள், டீபக்கில் எண் போகிறதா பார்க்க வேறு சாதாரண எண்ணை அதே முறையில் எழுதுங்கள்.) அப்புறம், டி இருந்தால் கடைசி எண்ணுக்குப் பிறகு வழக்கமாக 10 விநாடி காத்திருக்கும். ஹேஷ் அழுத்தினால் உடனே போகும்.

வெளியிலிருந்து வரும் காலை நேராக ரிசப்ஷனுக்கு அனுப்ப எஃப்எக்ஸ்ஓ போர்ட்டில் 'கனெக்ஷன் பிளார் ஓபிஎக்ஸ்' போடுங்கள், ஓபிஎக்ஸ் இருந்தால் ரிசப்ஷனில் எடுத்த பிறகுதான் ரவுட்டர் லைனை எடுக்கும். எதிராளி வைத்த பிறகும் போர்ட் பிஸியாகவே நின்றால் லைன் அறுந்ததை ரவுட்டர் கண்டுபிடிக்கும் சூப்பர்வைசரி டிஸ்கனெக்ட் செட்டிங்கைப் பாருங்கள். எஃப்எக்ஸ்எஸ்-இல் (சாதாரண போனைச் செருகும் போர்ட்) மாட்டிய பழைய போனுக்கு ஹோல்டும் டிரான்ஸ்ஃபரும் வேண்டுமா, 'சர்வீஸ் டிஎஸ்ஆப்' போட்டால் ஹுக்ஃபிளாஷ் (போனின் ஹுக்கை ஒரு கணம் தட்டி விடுவது) வேலை செய்யும்.

சிஸ்கோ ரவுட்டரின் மென்பொருளான ஐஓஎஸ்-இல் 15.1(2)டி பதிப்பு முதல், நம்பகப் பட்டியலில் இல்லாத ஐபியிலிருந்து வரும் காலை ரவுட்டர் தானே மறுக்கும். கால் வரவில்லை என்ற அவசரத்தில் அந்தச் சோதனையையே அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள், தேவையான ஐபியை மட்டும் பட்டியலில் சேருங்கள். 5060 இன்டர்நெட்டுக்குத் திறந்து கிடந்தால் எவனோ உங்கள் லைனில் வெளிநாட்டுக்குப் பேசுவான், பில் உங்களுக்கு வரும்.